இயக்குநருக்காக ஒரு கையெழுத்து

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சுகன்யா போன வாரம் போன் செய்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்காக நாங்கள் தொடங்கிய தலைமைத்துவ முதுகலைப் படிப்பை முழுக்க இணையவழிக்கு மாற்றப்போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். "நீங்கதான் மேடம் ஆரம்பத்துலேர்ந்து இருந்தீங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றாள். உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. பாசிட்டிவாகவும் வரவில்லை. மலருக்கு வேறு எதையோ எழுதி அனுப்பிவிட்டு, இதைத் தனியாக எழுதி வைக்கிறேன்.

நான் தலைவியுமில்லை, பேராசிரியையுமில்லை. முத்தியால்பேட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு, கடலூர் சாலையில் தவளக்குப்பம் தாண்டி இருக்கும் ஒரு கல்வி நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அத்தாவுக்கு டவுனில் குடை, பை விற்கும் கடை. "கடையில உக்காந்தா வர்றவன் போறவன்லாம் முதலாளி. ஆபீஸ்ல ஒருத்தன்தான் முதலாளி, போய்ட்டு வா" என்று அனுப்பிவைத்தார். அந்தக் கணக்கு தப்பு என்பது சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. தபால் பிரிவு, தேர்வுப் பிரிவு, பணியாளர் பிரிவு என்று முப்பது வருடம் சுற்றினேன். ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதுதான் நான் அங்கே கற்ற கல்வி. கண்காணிப்பாளராகப் பதவி உயர்ந்த வருடம்தான் இந்தப் படிப்பு என் தலையில் வந்து இறங்கியது.

படிப்பைக் கொண்டுவந்தவர் இயக்குநர் லூயி சார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்த சொல்தா குடும்பம். அவரும் சில வருடங்கள் பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பச்சை மை பேனா. அறைக்குள் யார் போனாலும் எழுந்து நிற்பார். கடைநிலை ஊழியருக்கும் எழுந்து நிற்பார். என்னை "மதாம்" என்பார். என் பணிக்காலம் முழுவதிலும் அவரைவிட மரியாதையான ஓர் அதிகாரியை நான் பார்த்ததில்லை. அவரைவிட முடிவெடுக்காத ஓர் அதிகாரியையும் பார்த்ததில்லை.

எந்தக் கோப்பை அனுப்பினாலும், ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல் எழுதித் திரும்பி வரும்: பேசுக. கோப்பை எடுத்துக்கொண்டு பேசப் போவேன். எழுந்து நிற்பார், உட்காரச் சொல்வார், நான் சொல்வதை முழுவதும் கேட்பார். குறுக்கே பேச மாட்டார். நான் முடித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார்: "நீங்க என்ன நினைக்கிறீங்க, மதாம்?" நான் நினைப்பதைச் சொல்வேன். "ரொம்ப முக்கியமான பாயின்ட்" என்பார். பிறகு கோப்பை இரண்டு கைகளாலும் பிரசாதம் போல என்னிடமே கொடுத்துவிடுவார். வெளியே வந்து பிரித்துப் பார்த்தால், "பேசப்பட்டது" என்று எழுதியிருக்கும். என்ன பேசப்பட்டது என்று இருக்காது.

இப்படிப்பட்டவர் தலைமைத்துவத்துக்கு ஒரு பட்டப்படிப்பு தொடங்கினார். பெயரிலேயே முதல் சிக்கல். 'தலைமைத்துவம்' என்பதா, 'தலைமைப் பண்பு' என்பதா என்று முடிவுசெய்ய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு யார் தலைமை ஏற்பது என்று தீர்மானிப்பதில் முதல் கூட்டம் முடிந்துபோனது. மூத்தவர் இளையவரைக் காட்டினார். இளையவர் மூத்தவர் இருக்கும்போது நானா என்றார். கடைசியில் வந்த ஐந்து பேரும் உறுப்பினர்கள், தலைவர் பின்னர் அறிவிக்கப்படுவார் என்று நான்தான் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். பின்னரும் அறிவிக்கப்படவில்லை.

வகுப்புகள் சனி, ஞாயிறு என்று முடிவானது. அதன் பிறகுதான் எங்கள் பேராசிரியர்களின் சொந்தபந்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கல்யாணம் இருந்தது. காலாப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஓர் ஒப்பந்த விரிவுரையாளர் மட்டும், தனக்கு உறவினர்கள் யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் தலையில் நான்கு பாடங்கள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாது என்பதால் சாலையில் டீக்கடை வைத்திருந்தவரிடம் சொல்லி வைத்தேன். கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேனுக்கு ஞாயிறு விடுமுறை. ஒரு நகல் சாவி செய்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பாடத்திட்டத்தில் 'தொலைநோக்கு' என்று ஓர் அலகு இருந்தது. அதை எழுதிய யாருக்கும் கழிப்பறைச் சாவி ஞாபகத்துக்கு வரவில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு படிவம் வைத்தோம். படிவம் 'ஆ' என்று பெயர். விண்ணப்பிப்பவர் வேலை செய்யும் நிறுவனம், 'இவர் தலைமைப் பண்பு உடையவர் எனச் சான்றளிக்கிறோம்' என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். அந்தச் சான்றிதழ்களை வாங்கி அடுக்கியவள் நான். ஒரு தனியார் பள்ளித் தாளாளர், தன் மனைவிக்குத் தலைமைப் பண்பு உண்டு என்று சான்றளித்திருந்தார். அது அனுபவத்தில் எழுதியது என்பது வாசகத்திலேயே தெரிந்தது. ஒருவர் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டிருந்தார், ஏனென்றால் அங்கே அவர்தான் மேலாளர். புகழ்ச்சி அதிகமாக இருந்த கடிதங்களெல்லாம், சனிக்கிழமைதோறும் அந்த ஆள் அலுவலகத்தில் இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்த அதிகாரிகள் எழுதியவை. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம். முத்திரை இருந்ததே.

குறைந்தது இருபது பேர் சேர்ந்தால்தான் படிப்பைத் தொடங்கலாம் என்பது கல்விக்குழுவின் நிபந்தனை. இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒத்திவைப்பார்கள். எங்கள் இடத்தில் அடுத்த வருடம் என்றால் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது பத்தொன்பது விண்ணப்பங்கள் சரியாக இருந்தன. இருபதாவது விண்ணப்பத்தில் படிவம் 'ஆ' வெறுமையாக இருந்தது.

அது செல்வியுடையது. ஒரு நாள் மதியம் நேரிலேயே வந்தாள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கரும்பும் நெல்லும் பயிர் செய்கிறார்கள். அவள் தொழிற்பேட்டையில் மருந்து பேக்கிங் செய்யும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தாள்.

"ஏம்மா, கம்பெனி கையெழுத்து இல்லாம இத்த எப்படி வாங்கறது?" என்றேன்.

"தர மாட்டேன்றாங்க மேடம்."

"ஏன், லீவு பிரச்சனையா?"

"இல்ல மேடம். எனக்குத் தலைமைப் பண்பு இருக்குதுன்னு எழுதிக் குடுத்தா கம்பெனிக்கு ஆபத்தாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. மூன்று மாதம் முன்பு, காலை ஷிப்டுக்கு வரும் பெண்களுக்காக விட்டிருந்த பஸ்ஸைக் கம்பெனி நிறுத்திவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவே நடந்து வர வேண்டும். ஒரு பெண்ணை லாரி உரசிக் கை முறிந்தது. செல்வி மூன்று முறை எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். பதில் இல்லை. மூன்றாம் முறை எழுதிக் கொடுத்த நான்காம் நாள் அத்தனை பெண்களும் கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ் விடுவதாக எழுதிக் கொடுத்தது. எழுந்து உள்ளே போய் வேலையைப் பார்த்தார்கள்.

"எச்.ஆர். சாரு இன்னா சொன்னாரு தெரியுமா மேடம்? 'நீ தலைவின்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு அதையே கோர்ட்டுல காட்டுவ. இனிமே யாரையும் கூட்ட மாட்டேன், யாருக்காகவும் பேச மாட்டேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடு, உனக்குத் தலைமைப் பண்பு இருக்குதுன்னு நான் எழுதித் தர்றேன்'னாரு."

முப்பது வருடத்தில் எத்தனையோ நிபந்தனைச் சான்றிதழ்கள் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "போட்டுக் குடுத்துடேம்மா. அந்தப் பேப்பர யாரு பாக்கப்போறாங்க? படிப்பு முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்கன்னா போடுவீங்களா மேடம்?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் போட்டிருப்பேன். எத்தனையோ போட்டிருக்கிறேன். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வை இன்னொருவருக்குக் கொடுத்தபோது 'ஆட்சேபனை இல்லை' என்று போட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "எதுக்கும்மா உனக்கு இந்தப் படிப்பு?" என்று பேச்சை மாற்றினேன்.

"வருஷா வருஷம் எனக்கு மேல புதுசா ஒருத்தர ஷிப்ட் இன்சார்ஜா கொண்டாந்து வைக்கிறாங்க. எந்த மிஷினு எதுக்குன்னு நான்தான் அவருக்குக் காட்டணும். முதுகலைப் பட்டம் இருந்தாதான் இன்சார்ஜாம். அத்த வாங்கிட்டா அப்புறம் வேற காரணம்தான தேடணும் அவங்க?"

விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அந்த எச்.ஆர். அதிகாரி மனோகர் எங்களிடமே விண்ணப்பித்திருந்தார். பத்தொன்பது பேரில் ஒருவர். நிர்வாக இயக்குநரே கையெழுத்திட்ட, தங்க எழுத்து முகவரித்தாளில் வந்த சான்று அவருடையது. செல்வியைச் சேர்த்தால் இருபது ஆகும். அதைப் பார்த்து மனோகர் விலகிக்கொண்டால் மறுபடியும் பத்தொன்பது.

கோப்பு எழுதினேன். நிராகரிக்கலாம், நிபந்தனையைத் தளர்த்தலாம், மாற்றுச் சான்று கேட்கலாம் என்று மூன்று வழிகளையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டுச் செருகி அனுப்பினேன். மறுநாள் வந்தது: பேசுக. போய்ப் பேசினேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க, மதாம்?" என்றார். "சேக்கலாம் சார்" என்றேன். "ரொம்ப முக்கியமான பாயின்ட்" என்றவர், சட்ட ஆலோசகரின் கருத்தைக் கேட்கச் சொன்னார். சட்ட ஆலோசகர் மூன்று நாள் வைத்திருந்து, 'துறையே உரிய முடிவெடுக்கலாம்' என்று எழுதி அனுப்பினார். மறுபடியும்: பேசுக.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று செல்வி திரும்ப வந்தாள். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட நான்கு தாள்களை என் மேசையில் வைத்தாள். 'எங்க லைனை நடத்துறது செல்வி அக்காதான். அவங்க சொன்னா நாங்க கேப்போம், நாங்க சொன்னா அவங்க கேப்பாங்க' என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள், நடுநடுவே கைநாட்டுகள். ஒருத்தி மட்டும் தன் பெயருக்குப் பக்கத்தில், 'படிக்கட்டும், ஆனா ஷிப்டுக்கு லேட்டா வரக்கூடாது' என்று சேர்த்திருந்தாள்.

முத்திரை இல்லை. ஆனால் படிவம் 'ஆ' கேட்ட சான்று அதுதான் என்பது படித்தவுடன் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. அத்தனை பெண்களின் பெயரும் அதில் இருக்கிறது. சேர்க்கை விவரம் கேட்டு வாரம் இரண்டு முறை எங்கள் அறைக்கு வந்துபோகும் மனோகர் கண்ணில் அந்தத் தாள் பட்டால், அது வேறு பட்டியலாகிவிடும். கோப்பில் சேர்த்தால் பக்க எண் போட வேண்டும். பக்க எண் போட்ட தாள் எங்கள் அலுவலகத்தில் எத்தனை கைகளுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஓர் உறையில் போட்டு ஒட்டி என் பீரோவில் பூட்டினேன். கோப்பில், 'தகுதியுடையோரிடமிருந்து சான்று பெறப்பட்டது. என்னால் பார்வையிடப்பட்டது' என்று மட்டும் எழுதி, சேர்க்கை ஆணையையும் தட்டச்சு செய்து, வியாழக்கிழமை மாலை நேரே அவர் அறைக்கு எடுத்துப் போனேன்.

படித்தார். "தகுதியுடையோர்னா யாரு, மதாம்?"

"அந்தம்மாவுக்குக் கீழ வேல செய்றவங்க சார்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "இதுக்கு ரூல் இருக்கா?"

"இல்ல சார்."

"கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"அதுவும் இல்ல சார்."

"பொன்" என்றார். பிரெஞ்சில் அதற்குச் சரி என்று பொருள். வேறு பல பொருள்களும் உண்டு. பேனாவை எடுத்தார். கோப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பச்சை மையில் இரண்டு வரி எழுதினார். நாளை ஒரு நாள் தற்செயல் விடுப்பு; அவசரப் பணிகளைக் கண்காணிப்பாளர் கவனிப்பார். அதை என்னிடம் இரண்டு கைகளாலும் கொடுத்தார். கோப்பையும் கொடுத்தார். எழுந்து நின்று, "பொன் கூராழ், மதாம்" என்றார். தைரியமாக இருங்கள் என்று அர்த்தமாம். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் ஓடி ஒளிந்தாரா, எனக்கு வழிவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மனிதரால் முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்த ஆணை என் மேசையில் கிடந்தது. மாலை நான்கு மணிக்குள் பட்டியல் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. டிபனை மூடி வைத்துவிட்டு, 'இயக்குநருக்காக' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். செல்விக்குப் போன் செய்து, "சேத்தாச்சும்மா" என்றேன். பின்னால் மிஷின் சத்தம். "இன்னா மேடம்? கேக்கல!" என்று கத்தினாள். நானும் அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று.

முதல் சனிக்கிழமை மனோகர் வகுப்பிலிருந்து நேரே என் மேசைக்கு வந்தார். "அந்தம்மாவுக்கு யாருங்க சான்று குடுத்தது?"

"எழுத்துல கேளுங்க சார், எழுத்துல பதில் தர்றோம்" என்றேன்.

எழுத்தில் கேட்டால், தான் ஏன் தரவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கும். அவர் கேட்கவில்லை. விலகவும் இல்லை. இரண்டு வருடமும் செல்விக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து படித்தார்.

இரண்டாம் பருவத்தில், காலாப்பட்டு விரிவுரையாளர் விஷயம் தெரியாமல், ஒரே கம்பெனி என்பதற்காக இருவரையும் ஒரு ஜோடியாகப் போட்டுவிட்டார். பணியிடத்தில் நடந்த ஒரு பிரச்சனையை எழுதி வாசிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை வாங்கப் போன நான் கதவருகே நின்றுவிட்டேன். செல்வி கேட்டுக்கு வெளியே நடந்ததை வாசித்தாள். பிறகு மனோகர் எழுந்தார். 'நிர்வாகம் உரிய நேரத்தில்' என்று தாளைப் பார்த்துத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். தாளை மடித்தார். "அன்னிக்கு கேட்டுக்கு உள்ள நான் இருந்தேன். வெளிய போய்ப் பேசுன்னு எம்.டி. சொன்னாரு. நான் போகல. பயமா இருந்துச்சு" என்றார். விரிவுரையாளர் இருவருக்கும் பி பிளஸ் போட்டார். மேற்கோள் பட்டியல் முறைப்படி இல்லையாம்.

செல்வி பட்டம் வாங்கினாள். அந்த மாதமே கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ் பதவிக்குப் பொறியியல் டிப்ளமோ வேண்டும் என்று மாற்றினார்கள். அவள் அழுதாள் என்றோ போராடினாள் என்றோ எழுத ஆசைதான். அவள் வேறு கம்பெனிக்கு மனுப் போட்டாள். இப்போது மூலக்குளம் பக்கம் வீடு, தயாரிப்புப் பிரிவில் இன்சார்ஜ். சேரும்போது அந்தக் கம்பெனி கேட்ட நன்னடத்தைச் சான்றில் கையெழுத்துப் போட்டவர் மனோகர். பட்டமளிப்பு நாளன்று, பூட்டி வைத்திருந்த உறையை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அதுதான் பின்னால் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது. நான் ஓய்வுபெறும் வருடம், தரச்சான்றுக் குழு வரப்போவதையொட்டிப் பழைய சேர்க்கைக் கோப்புகளை உள்தணிக்கை செய்தார்கள். இருபதாவது கோப்பில் பிடித்துக்கொண்டார்கள். சான்று எங்கே? கண்காணிப்பாளர் எந்த அதிகாரத்தில் ஆணையிட்டார்? இயக்குநரின் உத்தரவு உண்டா?

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "வாய்மொழி உத்தரவுப்படின்னு எழுதிடுங்க மேடம்." எங்கள் உலகத்தில் அதைவிட உறுதியான குடை இல்லை. ஓய்வுபெற்றுப் பிரான்சில் மகளோடு இருந்த லூயி சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். இந்த முறை என்னை எதுவும் கேட்கவில்லை. "நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு எழுதுங்க, மதாம். நான் மெயில் அனுப்பறேன்" என்றார். அன்றிரவே அனுப்பியும் விட்டார். அவர் என் கோப்பில் எடுத்த ஒரே முடிவு, அவர் பதவியில் இல்லாதபோது எடுத்தது.

அந்த மெயிலை அச்செடுத்து இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். அதை இணைத்தால் என் பெயர் கோப்பிலிருந்து நழுவிவிடும். முப்பது வருடம் அதற்குத்தான் பழகியிருந்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தது அவர் இல்லை, நான். மெயிலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன்: 'சான்றை நான் பார்த்தேன். வாய்மொழி உத்தரவு எதுவும் இல்லை. முடிவு என்னுடையது.' வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய அலுவலகக் குறிப்பு அது.

நான்கு மாதம் பதில் இல்லை. ஓய்வுபெறும் நாள் வந்தது. மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், பேசினார்கள். மூன்று மணிக்குச் சுகன்யா தயங்கித் தயங்கி ஓர் உறையைக் கொண்டுவந்தாள். "இன்னைக்கே சர்வ் பண்ணணுமாம் மேடம். சாரி."

பிரித்தேன். என் செயல் விதிமீறல் என்று முடிவாகியிருந்தது. நீண்ட கால நற்பணியைக் கருத்தில் கொண்டு கடும் நடவடிக்கை தவிர்க்கப்படுகிறது என்றும், இனிவரும் பணிக்காலத்தில் முடிவெடுப்பதில் மிகுந்த கவனத்துடன் நடந்துகொள்ளுமாறு எச்சரிக்கப்படுகிறேன் என்றும் எழுதியிருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பணி நேரம் ஐந்து மணியோடு முடிகிறது. அந்த இரண்டு மணி நேரமும் நான் மிகுந்த கவனத்துடன் நடந்துகொண்டேன்.